பட்டன் வேண்டாம் என்கிறார்கள், ஃபோர்க் செய்துவிடலாமா?

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்களுக்கு மாட்டுத் தீவனக் கடை. கோடை யாரும் திருத்திக்கொள்ளக்கூடிய திறமூல பில்லிங் மென்பொருள் ஒன்று போட்டிருக்கிறோம். பில்லைத் தமிழில் அடிப்பதா மலையாளத்தில் அடிப்பதா என்று மாற்ற ஒவ்வொரு தடவையும் செட்டிங்ஸுக்குள் போக வேண்டியிருக்கிறது. பில் திரையிலேயே ஒரு பட்டன் வைத்து நானே கோட் எழுதி அனுப்பினேன். 'மொழியை ஒருமுறை செட்டிங்ஸில் வைத்தால் போதும், திரையில் இன்னொரு பட்டனுக்கு இடமில்லை' என்று அதைப் பராமரிக்கிற மெயின்டெய்னர் மறுத்துவிட்டார். என் நண்பர்களும் போய் எழுதினார்கள், பேச்சு வளர்ந்து சண்டையாகி இப்போது யாரும் எழுத முடியாதபடி அதைப் பூட்டி வைத்துவிட்டார்கள். ஃபோர்க் செய்துவிடலாமா?"

ஃபோர்க் என்றால் மென்பொருளின் கோடை நகலெடுத்துத் தனி மென்பொருளாக நீங்களே நடத்துவது. இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், முதலில் அந்த மறுப்பை இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள்.

"மொழியை ஒருமுறை வைத்தால் போதும்." இதை எழுதியவர் நினைத்துப் பார்க்கிற கடையில் ஒரே மொழிதான் புழங்குகிறது. மென்பொருளைப் போட்ட அன்றைக்கு கடைக்காரர் மொழியைத் தேர்ந்தெடுப்பார், அப்புறம் ஜென்மத்துக்கும் அந்தப் பக்கம் போக மாட்டார். உங்கள் கடை அப்படியா? பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பெரியவருக்குத் தமிழ் மட்டும்தான் வாசிக்கத் தெரியும், அவருக்குப் பின்னால் நிற்கிற பையன் வீட்டில் தமிழ் பேசுகிறவன்தான், ஆனால் மலையாள மீடியத்தில் படித்ததால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். ஒருவர் பேசுவதை வைத்து அவருக்கு எந்த மொழியில் பில் அடிப்பது என்று சொல்லவே முடியாது, காலையில் பால் ஊற்றிவிட்டு வருகிற கூட்டத்தில் ஆளுக்கு ஆள் மாறும். உங்களுக்கு இது தினசரி சங்கதி, அதனால் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. நீங்கள் இணைத்திருந்த விளக்கத்தைப் பார்த்தேன். 'மொழி மாற்றும் பட்டன் சேர்த்திருக்கிறேன், பயனுள்ளதாக இருக்கும்' என்று ஒரே வரி. இதை மட்டும் பார்த்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

இனி அவர் பக்கம். அந்த பட்டன் உங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையாக இருந்திருக்கும், அவருக்கோ மென்பொருள் உயிரோடு இருக்கும்வரை வேலை. ஆன், ஆஃப் என்று இரண்டு நிலை உள்ள வசதி ஒவ்வொன்றும் சோதித்துப் பார்க்க வேண்டிய சேர்க்கைகளை இரட்டிப்பாக்கும், அப்படிப் பத்து வசதி இருந்தால் 1024 சேர்க்கை. பட்டனின் பெயரை எல்லா மொழியிலும் பெயர்க்க வேண்டும், மவுஸ் இல்லாமல் கீபோர்டிலேயே அதை அழுத்த முடிய வேண்டும், பார்வையில்லாதவர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அது என்ன பட்டன் என்று சொல்ல வேண்டும், சின்ன லேப்டாப்பில் அது முக்கியமான பட்டன்களை ஓரங்கட்டிவிடக் கூடாது. உங்கள் விஷயத்தில் பிரிண்டர் தொல்லையும் உண்டு. விலை குறைந்த தெர்மல் பிரிண்டர்கள் பலவற்றுக்குள் தமிழ், மலையாள எழுத்துரு கிடையாது, எழுத்தைப் படமாக்கித்தான் அனுப்பியாக வேண்டும். பில்லுக்குப் பில் மொழி மாறினால் அது ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க அவரிடம் அந்த 2 இன்ச் ரோல் பிரிண்டரே இல்லாமல் இருக்கலாம். ஆறு மாதம் கழித்து யாரோ 'மலையாள பில்லில் பாதி எழுத்து வெட்டுப்படுகிறது' என்று எழுதும்போது நீங்கள் அங்கே இருப்பீர்களா? பெரும்பாலும் வசதியைக் கொடுத்தவர்கள் இருப்பதில்லை. இதையெல்லாம் அவர் பொறுமையாக எழுதியிருக்கலாம், 'இடமில்லை' என்று ஒரு வார்த்தையில் முடித்தது அவர் தப்புதான்.

பெரிய திட்டங்களும் இதில் மாட்டிக்கொண்டு தவித்திருக்கின்றன. லினக்ஸ் கணினிகளின் திரைச்சூழலான க்னோமில் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் சன்னலில் படங்களைச் சின்ன உருவமாகக் கட்டம் கட்டமாகக் காட்டுங்கள் என்று 2004-லேயே கேட்டார்கள், வந்தது 2023 மார்ச்சில், க்னோம் 44-ல். நடுவில் திருத்தக் கோட் (பேட்ச்) எழுதி அனுப்பியவர்களும் உண்டு, கிண்டலுக்கோ கணக்கே இல்லை. டெவலப்பர்களுக்குத் திமிர் என்று பலரும் முடிவு கட்டினார்கள், ஆனால் க்னோமின் சன்னல்களை வரைய உதவும் ஜி.டி.கே. 4-ல் பட்டியல் காட்டும் பகுதியையே புதிதாக எழுதிய பிறகுதான் அதற்குச் சரியான வழி கிடைத்தது. படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பின் கதை இதைவிட சுவாரசியம். 2012-ல் வந்த 2.8 பதிப்பில் 'சேவ்' கொடுத்தால் அதன் சொந்த எக்ஸ்.சி.எஃப். வடிவில் மட்டும்தான் சேமிக்கும், ஜேபெக் வேண்டுமானால் 'எக்ஸ்போர்ட்' போக வேண்டும் என்று மாற்றினார்கள். சும்மா ஒரு போட்டோவை வெட்டி ஒட்ட வந்தவர்கள் கொதித்துப் போனார்கள். தாங்கள் யாருக்காக இதைச் செய்கிறோம் என்பதில் டெவலப்பர்கள் தெளிவாக இருந்தார்கள், மணிக்கணக்கில் உட்கார்ந்து படத்தில் வேலை செய்கிறவருக்கு படத்தின் அடுக்குகள் (லேயர்கள்) தொலைந்துவிடக் கூடாது என்றார்கள், அசையவில்லை, இன்றும் அப்படித்தான் இருக்கிறது. அதே 2.8-ல்தான் மக்கள் வெகுகாலமாகக் கேட்ட ஒற்றைச் சன்னல் முறையும் வந்தது, முதலில் விருப்பத் தேர்வாக, பிறகு 2018-ல் 2.10 வந்தபோது எல்லாருக்கும் இயல்பாக. இரண்டுக்கும் கூச்சல் பெரிதாகத்தான் இருந்தது, ஒன்றுக்கு இசைந்தார்கள், இன்னொன்றுக்கு இல்லை. ஆகவே நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய்ச் சத்தம் போடுவதில் பைசா பிரயோஜனம் இல்லை.

உங்கள் பூட்டப்பட்ட பேச்சையும் படித்தேன், அதில் பாதி ஐகானாகக் கொடி வைக்கலாமா எழுத்து வைக்கலாமா என்ற சண்டை. (தமிழுக்கு எந்த நாட்டுக் கொடியை வைப்பார்களாம்?)

உங்களுக்கு உதவக்கூடிய முன்மாதிரி லிப்ரே ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருள். தாவல் தாவலாக இருக்கும் புதுக் கருவிப்பட்டையை 2017-ல் 5.3-ல் சோதனை முயற்சியாகக் கொடுத்து, 2019-ல் 6.2-ல் முறைப்படி சேர்த்தார்கள், பழைய மெனுவையும் எடுத்துவிடவில்லை. பழக்கப்பட்டவர் திரையில் எதுவும் நகரவில்லை, வேண்டியவர் மட்டும் மாற்றிக்கொண்டார்.

அதனால் பட்டனை மறந்துவிடுங்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் பற்றுக் கணக்கு வைத்திருப்பவர்கள், அவர்கள் பெயரெல்லாம் மென்பொருளில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பதிவிலேயே 'பில் மொழி' என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும், பெயரைத் தேர்ந்தெடுத்ததும் பில் தானாக அந்த மொழியில் வரும், கட்டத்தைக் காலியாக விட்டால் இப்போது இருக்கிற மாதிரியே செட்டிங்ஸில் உள்ள மொழியில் அடிக்கும். பில் திரையில் ஒரு புள்ளிகூட மாறாது. சொல்லப்போனால் இது நீங்கள் கேட்டதைவிட உங்களுக்கே வசதி, ஏனென்றால் கூட்ட நேரத்தில் பட்டனை அழுத்த மறந்து அந்தப் பெரியவர் கையில் மலையாள பில் போய்ச் சேராது. ரொக்கத்துக்கு வாங்கிப் போகிற புது ஆட்களுக்கு பிரிண்ட் கொடுக்கும் சன்னலில் மொழித் தேர்வு வைக்கலாம், ஆனால் அதை இதோடு சேர்க்காதீர்கள், முதலாவது உள்ளே போன பிறகு தனியாகக் கேளுங்கள்.

பூட்டிய பேச்சைத் திறக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டாம், கோடும் உடனே அனுப்ப வேண்டாம். புதிதாக ஒரு இஷ்யூ (பிரச்சினையைச் சொல்லும் பதிவு) திறந்து, நண்பர்கள் போட்ட சத்தத்துக்கு ஒரு வரி வருத்தம் சொல்லிவிட்டு, எளிய ஆங்கிலத்தில் இந்த அர்த்தம் வரும்படி எழுதுங்கள்: 'எங்கள் கடை இரண்டு மாநில எல்லையில் இருக்கிறது. வாடிக்கையாளர்களில் சிலருக்குத் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரியும், சிலருக்கு மலையாளம் மட்டும். மொழி கடைக்கு அல்ல, ஆளுக்கு மாறுகிறது. வாடிக்கையாளர் பதிவில் மொழியைச் சேமித்தால் தீரும் என்று நினைக்கிறேன், உங்களுக்கு வேறு நல்ல வழி தோன்றினால் சொல்லுங்கள். ஒவ்வொரு பதிப்பு வரும்போதும் எங்கள் பிரிண்டரில் இரண்டு மொழியிலும் அடித்துப் பார்த்துச் சொல்கிறேன்.' இரண்டு மொழி பில்லையும் போட்டோ எடுத்து இணையுங்கள், வாடிக்கையாளர் பெயரை மறைத்துவிட்டு. ஆந்திர எல்லையில் நகரி, புத்தூர் பக்கம் தமிழும் தெலுங்கும் இதே மாதிரி கலந்து புழங்குகின்றன, அதையும் ஒரு வரி சேர்த்தால் இது ஒரு கடையின் ஆசை மட்டும் இல்லை என்று அவருக்குப் புரியும். கடைசி வரியில் இருக்கிற பிரிண்டர் வாக்குறுதியை மட்டும் காப்பாற்ற முடிந்தால் எழுதுங்கள், முடியாதென்றால் விட்டுவிடுங்கள்.

பதில் வருவதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதுவரை நீங்கள் எழுதிய பட்டனை உங்கள் கடையிலேயே ஓட்டுங்கள், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. மென்பொருளின் உரிமம் ஜி.பி.எல். என்ற திறமூல உரிமம் என்றால் சொந்தக் கடையில் மட்டும் பயன்படுத்தும் மாற்றத்தை வெளியிட வேண்டிய கட்டாயம் இல்லை, பக்கத்துக் கடைக்கும் போட்டுக் கொடுத்தால்தான் அவருக்கு மூலநிரலைக் கொடுக்கும் கடமை வரும். மாற்றத்தை மூல கோடோடு கலக்காமல் தனிக் கிளையாக வைத்துக்கொண்டு புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் அதன் மேல் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஃபோர்க் அப்படியில்லை. தொடங்குவதற்கு ஒரு கட்டளை போதும், அதற்குப் பிறகு ஒவ்வொரு பாதுகாப்பு ஓட்டையும் உங்கள் தலையில். 2025 செப்டம்பர் 22-ல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின அல்லவா, அப்படி இன்னொரு தடவை மாறும்போது ராத்திரியோடு ராத்திரியாகத் திருத்த வேண்டியவரும் நீங்கள்தான். 2008-ல் பிட்ஜின் அரட்டை மென்பொருளில் தட்டச்சுப் பெட்டியின் அளவைக் கையால் மாற்ற முடியாமல் செய்ததற்காகக் கோபப்பட்டு ஃபோர்க் செய்தார்கள், ஃபன்பிட்ஜின் என்று பெயர் வைத்து, பிறகு கேரியர் என்று மாற்றினார்கள். இன்றைக்கு அதை யாருக்கும் ஞாபகம் இல்லை, பிட்ஜின் இருக்கிறது. 2010-ல் ஓப்பன் ஆஃபிஸிலிருந்து பிரிந்த லிப்ரே ஆஃபிஸ் நிலைத்ததென்றால், கோட் எழுதுகிற ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்து வெளியே வந்ததால்தான். நகரியிலோ குமுளியிலோ இதே தொல்லையோடு கோட் எழுதத் தெரிந்த இரண்டு மூன்று பேர் கிடைத்து, அதற்கு மேலும் மெயின்டெய்னர் இறங்கி வரவில்லை என்றால் மறுபடி எழுதுங்கள், அப்போது ஃபோர்க்கைப் பற்றிப் பேசலாம்.