சுவரில் மாட்டும் குவில்ட்: ஓரமும் பின்புறமும்

கும்பகோணத்திலிருந்து எழுதியிருக்கும் வாசகி, தம் அம்மாவின் பழைய பருத்திச் சேலைகளைக் கத்தரித்துச் சேர்த்து, தாமரைக் குளக் காட்சி ஒன்றைக் குவில்ட்டாகக் கையாலேயே தைத்திருக்கிறார். அகலம் 36 அங்குலம், உயரம் 48 அங்குலம். குவில்ட் என்றால் மேல்துணி, பஞ்சு விரிப்பு, பின்துணி என மூன்று அடுக்குகளைச் சேர்த்துத் தைத்தது. ஓரம் நெளிந்து நிற்கிறது, பின்புறம் முடிச்சும் நூலுமாக இருக்கிறது. தெரிந்த தையற்காரர் ஓவர்லாக் அடித்து, ஓரத்தைப் பட்டியால் சுற்றிப் பைப்பிங் வைத்துவிடலாம் என்கிறாராம். அப்படிச் செய்யலாமா, சுவரில் எப்படி மாட்டுவது என்று கேட்டிருக்கிறார்.

பைப்பிங் தவறான முறை அன்று. ஆனால் உங்கள் படைப்புக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குவில்ட்டின் ஓரத்தைப் பட்டியால் சுற்றி மூடும் வழக்கம் படுக்கைக்காக உண்டானது. தினமும் இழுத்துப் போர்த்தும் துணியில் முதலில் தேய்வது ஓரம்தான் என்பதால் அங்கே இரட்டை மடிப்புப் பட்டி தேவைப்பட்டது. 1971இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் பழைய அமெரிக்கக் குவில்ட்டுகளை ஓவியங்களைப் போலச் சுவரில் மாட்டிக் காட்டியது. சுவரில் இருக்கும் துணிக்குத் தேய்மானம் கிடையாது; அதன் சொந்த எடையும் பார்ப்பவர் கண்ணும்தான் கணக்கு. குளத்து நீர் ஓரம்வரை விரிந்து கிடக்கும் காட்சியைச் சுற்றி ஒரு கோடு போட்டால் நீர் அந்தக் கோட்டோடு நின்றுவிடும். ஆகவே ரவிக்கைக் கழுத்துக்குப் பட்டி வைத்து, உள்ளே மடித்து எம்மிங் செய்வதைப் போல, இங்கும் பட்டி முழுவதையும் பின்புறத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

அதற்கு முன் நெளிவைச் சரிசெய்தாக வேண்டும். நடுவில் நெருக்கமாகவும் ஓரத்தில் தளர்வாகவும் தையல் ஓடியிருந்தால் நடுப்பகுதி சுருங்கி ஓரம் மிஞ்சி நிற்கும். நெளிவுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். முதலில் ஈரமான வெள்ளைத் துணியை அடர்நிறத் துண்டுகளின்மேல் அழுத்திப் பார்த்துச் சாயம் விடுகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். விடவில்லையென்றால், குவில்ட்டை மெத்தைமேல் விரித்து, தண்ணீரை மெல்லத் தெளித்து, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிச் சமப்படுத்தி, சுற்றிலும் குண்டூசி குத்தி, வெயில் படாமல் மின்விசிறிக் காற்றில் முழுவதும் உலரவிடுங்கள். பிறகும் நடு உயரம் 48, ஓர உயரம் 49 என்று வந்தால், ஓரத்திலிருந்து கால் அங்குலத்துக்குள்ளேயே ஓட்டுத் தையல் போட்டு, நூலை இழுத்து, அந்த ஓர் அங்குலத்தை நீளம் முழுக்கப் பரவலாகச் சுருக்கிவிடலாம். ஓரங்களை வெட்டி நேராக்கிய பின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். 36க்கு 48 என்றால் இரண்டும் சரியாக 60 அங்குலம் இருக்க வேண்டும். கொத்தனார் சுவர் மூலையை 3, 4, 5 வைத்துச் சரிபார்க்கும் அதே கணக்குதான்.

பின்புறத்தைப் பற்றி இப்போதே முடிவெடுங்கள், பட்டி தைத்த பிறகு முடியாது. நூல் முனைகள் கொஞ்சமாக இருந்தால், ஒவ்வொன்றையும் ஊசியில் கோத்து, பஞ்சுக்குள் ஓர் அங்குலம் ஓட்டி, வெளியே எடுத்து ஒட்ட வெட்டினால் முனை உள்ளே போய்விடும். கைத்தையலின் வரிகள் தெரியும் பின்புறம் அழகானது, கூடுமானவரை அதை மூடாதீர்கள். சிக்கு மிகுதி என்றால் மட்டும், அலசிய மெல்லிய பருத்தித் துணியை அதன்மேல் விரித்து, சாண் இடைவெளிக்கு ஒரு சிறு தையல் போட்டு நிறுத்துங்கள். அதன் ஓரம் பட்டித் தையலில் பிடிபட்டுவிடும். இஸ்திரி போட்டு ஒட்டும் துணி வேண்டாம், அதன் பசை துணியை விறைக்கச் செய்யும்.

இனி பட்டி. சேலைக்கு ஃபால்ஸ் வைக்குமுன் நனைத்துக் காயவைப்போம் அல்லவா, அதைப் போலவே பட்டித் துணியையும் முதலில் நனைத்து உலர்த்தி எடுங்கள். 3 அங்குல அகலத்தில், 34 அங்குல நீளத்தில் இரண்டும் 46 அங்குல நீளத்தில் இரண்டுமாக நேரிழையில், அதாவது துணியின் இழை ஓடும் திசையிலேயே வெட்டி, ஒரு நீள ஓரத்தை அரை அங்குலம் மடித்து இஸ்திரி போடுங்கள். 4 அங்குலச் சதுரங்கள் நான்கை முக்கோணமாக மடித்து, குவில்ட்டின் முன்பக்கத்து மூலைகளில், வெட்டிய ஓரங்கள் பொருந்தும்படி வையுங்கள். அவற்றின்மேல் பட்டிகளை, நல்ல பக்கம் குவில்ட்டைப் பார்க்கும்படி நடுவாக வைத்து, சுற்றிலும் கால் அங்குலத்தில் தையுங்கள். தையலுக்கு வெளியே உள்ள பஞ்சை ஒட்ட வெட்டுங்கள். மூலையில் சாய்வாக வெட்டும்போது தையலை மட்டும் தொட்டுவிடக் கூடாது. பிறகு பட்டியையும் தையலோரத்தையும் சேர்த்து, பட்டியின்மேல் இன்னொரு தையல் ஓட்டுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பட்டி முன்பக்கம் எட்டிப் பார்க்காமல் உள்ளே உருண்டு நிற்பது இந்த ஒரு தையலால்தான். மூலைக்கு ஓர் அங்குலம் முன்பே அதை நிறுத்திவிடலாம். இப்போது திருப்பினால் முக்கோணங்கள் பட்டி முனைகளை மூடிக்கொள்ளும். பின்னல் ஊசியின் மொட்டை முனையால் மூலையை மெல்லத் தள்ளி, முன்பக்கம் தெரியாமல் எம்மிங் செய்யுங்கள். சுற்றிலும் கால் அங்குலம் உள்ளே போகும் என்பதால், ஓரத்தை ஒட்டி மொட்டு ஏதும் இருந்தால் முன்னதாகவே கவனியுங்கள்.

மாட்டுவதற்கு வளையமோ கயிறோ வேண்டாம். எடை சில இடங்களில் மட்டும் விழுந்து மேல்விளிம்பு தொய்ந்துவிடும். 9 அங்குல அகலம், 34 அங்குல நீளம் உள்ள துணியை அரை அங்குலத் தையலில் குழாயாகத் தைத்தால், தட்டையாக வைக்கும்போது 4 அங்குல அகலம் வரும். அதை மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே பின்புறத்தில் பொருத்துங்கள். அமெரிக்கக் குவில்ட்டர்கள் சங்கத்தின் கண்காட்சிகளிலும் 4 அங்குலக் குழாயே வழக்கம். குழாயில் குவில்ட்டைத் தொடாத வெளிப்பக்கத்தில் அரை அங்குலம் தளர்வு விட்டுத் தைத்தால், உள்ளே செருகும் பட்டையின் புடைப்பு முன்பக்கம் தெரியாது. தையல் பின்துணியையும் பஞ்சையும் பிடிக்கட்டும், முன்துணிக்கு வர வேண்டாம். 35 அங்குல அலுமினியப் பட்டையைச் செருகினால், இரு முனையும் குழாய்க்கு வெளியே அரை அங்குலம் நீண்டு ஆணியில் உட்காரும். மரச்சட்டம்தான் கிடைக்கிறது என்றால் வார்னிஷ் பூசி நன்றாகக் காயவிட்டுச் செருகுங்கள்.

கடைசியாக, பின்புறக் கீழ்மூலையில் ஒரு சிறு துணிச்சீட்டு தையுங்கள். உங்கள் பெயர், படைப்பின் தலைப்பு, ஆண்டு, அளவு ஆகியவற்றை நூலால் எழுதுங்கள். எந்தத் துண்டு அம்மாவின் எந்தச் சேலையிலிருந்து வந்தது என்பதும் அந்தச் சீட்டில் இருக்கட்டும். அது உங்களுக்கு மட்டுமே தெரிந்த விவரம்.