அவசரப்படாத கடன் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஐயா,

கம்பெனிகளின் கடன் சுமை பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபின், அதே கணக்கை இரண்டு வங்கிகளுக்குப் போட்டுப் பார்த்தேன். நீண்டகாலக் கடனை மொத்தச் சொத்தால் வகுத்தேன். முதல் வங்கிக்கு 3 சதவீதம் வந்தது, இரண்டாவதற்கு 14. முதல் வங்கிதான் பாதுகாப்பானது என்று எடுத்துக்கொண்டேன். நண்பர் ஒருவர் ‘வங்கியை அப்படிப் பார்க்கக் கூடாது’ என்கிறார். ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. என் சேமிப்பை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கத்தான் கேட்கிறேன். விளக்குவீர்களா?

அன்புடன்,
வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வது சரி. நீங்கள் வகுத்ததில் தப்பில்லை, வந்த விடையைப் படித்த விதத்தில்தான் சிக்கல். சேமிப்பு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு சிமெண்ட் ஆலைக்குப் பெரிய கடன் என்பது, ஆலையைக் கட்ட வாங்கிய நீண்டகாலக் கடன்தான். அது குறைவாக இருந்தால் சுமை குறைவு. வங்கியின் கதை வேறு. நீங்கள் போடும் டெபாசிட்டே வங்கிக்குக் கடன். சொத்து 100 என்றால் அதில் 90 அளவுக்கு அடுத்தவர் பணம்தான். ஆகவே 3 சதவீதம் என்று விடை வந்த வங்கிக்குக் கடன் 3 மட்டும்தான் என்று அர்த்தமில்லை. மீதிக் கடன் வேறு பெயரில், பெரும்பாலும் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்கக்கூடிய வடிவில் இருக்கிறது.

அமெரிக்காவின் சிலிகான் வேலி வங்கியைப் பாருங்கள். 2022 முடிவில் அதன் தாய் நிறுவனக் கணக்கில் மொத்தச் சொத்து ஏறத்தாழ 21,200 கோடி டாலர், நீண்டகாலக் கடன் 540 கோடிக்குச் சற்றுக் குறைவு. வகுத்தால் இரண்டரை சதவீதம். உங்கள் கணக்குப்படி அது அருமையான வங்கி! ஆனால் டெபாசிட் 17,300 கோடி டாலர், அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் டெபாசிட் காப்பீட்டு வரம்பைத் தாண்டியது, அதாவது வங்கி நொடித்தால் திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லாத பணம். 2023 மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்கச் சொல்லி உத்தரவுகள் குவிந்தன. மறுநாள் வங்கியை மூடிவிட்டார்கள். அன்று பணத்தைக் கேட்டு வந்தவர்கள் டெபாசிட்தாரர்கள். நீண்டகாலக் கடன் கொடுத்து, 2030இல் முதிரும் பத்திரத்தை வைத்திருப்பவர் எவ்வளவு பயந்தாலும் வங்கியிடம் போய் ‘இப்போதே கொடு’ என்று கேட்க முடியாது. விலை குறைத்து இன்னொருவரிடம் விற்கலாம், அவ்வளவுதான். வங்கியிடமிருந்து ஒரு காசு வெளியே போகாது.

வங்கிகளுக்கான சர்வதேச விதிகளான பேசல் விதிகளில் நிகர நிலையான நிதி விகிதம் என்று ஒன்று உண்டு. வங்கியின் பணத்தில் எவ்வளவு சட்டென்று வெளியேறாது என்று அளப்பது அது. அது இந்த வேறுபாட்டில்தான் நிற்கிறது. ஓராண்டுக்கு மேல் தவணை மீதமிருக்கும் கடனுக்கு அதில் முழு 100 சதவீத மதிப்பு. நிலையான சில்லறை டெபாசிட்டுக்கு 95. மற்ற நிதி நிறுவனங்களிடம் ஆறு மாதத்துக்குள் திருப்பித் தருவதாக வாங்கிய பணத்துக்குச் சுழியம். அதாவது நீங்கள் சுமையாகப் பார்த்ததை, ஆட்டம் காணாத பணம் என்று விதியே மதிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. உலகளவில் முக்கியமான பெரிய வங்கிகள் மூலதனமும் தகுதியுள்ள நீண்டகாலக் கடனும் சேர்த்து, இடர் எடையிட்ட சொத்தில் (ஒவ்வொரு சொத்தையும் அதன் ஆபத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துக் கணக்கிட்ட தொகையில்) குறைந்தது 18 சதவீதம் வைத்திருக்க வேண்டும் என்பது 2015இல் வகுக்கப்பட்ட உலகத் தரம். வங்கி நொடித்தால் பங்குதாரர்களுக்கு அடுத்து அந்தக் கடனைக் கொடுத்த பத்திரக்காரர்கள் நஷ்டத்தை ஏற்க வேண்டும், டெபாசிட்தாரர் அவர்களுக்குப் பின்னால் நிற்பார். உங்களைப் போன்ற ஒருவருக்கு அந்தக் கடன் ஒரு தடுப்புச் சுவர். ஆனால் எல்லா நீண்டகாலக் கடனும் அப்படி இல்லை. வீட்டுக் கடன்களை ஈடாகக் கட்டி வெளியிடும் பத்திரங்களில், நல்ல சொத்து முதலில் பத்திரக்காரருக்குப் போய்விடும். அந்த வகை கூடினால் டெபாசிட்தாரருக்கு மிஞ்சுவது குறையும்.

சரி, 14 சதவீத வங்கியே மேல் என்று சொல்கிறேனா? இல்லை. அந்த 14 எப்படி வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். பல வங்கிகள் பத்திரத்தை வெளியிட்டபோது இருந்த காலத்தை வைத்தே ‘நீண்டகாலம்’ என்று வகைப்படுத்துகின்றன. பத்தாண்டுப் பத்திரம் ஒன்றுக்கு ஒன்பதரை ஆண்டு ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பு மாறாது, ஆனால் ஆறு மாதத்தில் பணம் கட்டியாக வேண்டும். சொத்து 1,000, நீண்டகாலக் கடன் 140, அதில் 50 இந்த ஆண்டுக்குள் முதிர்கிறது என்றால் உண்மையில் மிஞ்சுவது 90. உங்கள் 14 அங்கேயே 9 ஆகிவிடுகிறது. அந்த 50ஐப் புதுக் கடன் வாங்கித்தான் அடைக்க வேண்டும் என்றால், எந்த மாதத்தில் சந்தைக்குப் போக வேண்டியிருக்கும் என்பதே பெரிய கேள்வி. 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி வாசலில் நின்ற வரிசைதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அந்த வங்கி நம்பியிருந்த சந்தைக் கடன் ஆகஸ்டிலேயே வறண்டுவிட்டது. அதன் பொறுப்புகளில் சில்லறை டெபாசிட் கால் பங்குகூட இல்லை.

கணக்குப் போடும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும், நானும் அங்கே ஒருமுறை தடுக்கி விழுந்திருக்கிறேன். ஆண்டறிக்கையின் பின்குறிப்புகளில் வரும் முதிர்வு அட்டவணைகள் சிலவற்றில் இனி கட்டப்போகும் வட்டியும் சேர்ந்திருக்கும். 8 சதவீத வட்டியில் 100க்கு வெளியிட்ட ஐந்தாண்டுப் பத்திரம் அங்கே 140 என்று தெரியும். இருப்புநிலைக் குறிப்பிலோ அது 100தான். அந்த 140ஐ எடுத்துச் சொத்தால் வகுத்தால் விகிதம் வீணாக ஏறிவிடும். அப்புறம், ஒரு வங்கிக்குத் துணை நிறுவனங்களையும் சேர்த்த குழுமக் கணக்கையும் மற்றதற்குத் தனி வங்கிக் கணக்கையும் எடுத்து ஒப்பிடாதீர்கள்.

நீண்டகாலக் கடனுக்கு விலையும் உண்டு. டெபாசிட்டைவிடப் பொதுவாக வட்டி அதிகம், அது லாபத்தைத் தின்னும். டெபாசிட் திரட்ட முடியாமல் அந்த ஓட்டையை அடைக்க வாங்கிய கடன் என்றால் 14 எனக்கும் கவலை தரும். நீண்டகாலத்துக்குக் கொடுத்த வீட்டுக் கடன்களுக்கு ஈடாக நீண்டகாலத்துக்கே வாங்கிய பணம் என்றால் அது பொறுப்பான காரியம்.

எனவே 14 சதவீத வங்கியின் பத்திர அட்டவணையைத் திறந்து, அடுத்த இரண்டு ஆண்டுகளில் முதிர்வது எவ்வளவு, ஈடு கட்டிய பத்திரம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். 3 சதவீத வங்கியில் காப்பீட்டு வரம்புக்கு மேலான டெபாசிட்டின் பங்கைத் தேடுங்கள். கடந்த ஐந்தாண்டு விகிதத்தையும் வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். எண்களை எனக்கு அனுப்பினால் சேர்ந்து பார்ப்போம். அதுவரை எந்த வங்கியானாலும் காப்பீட்டு வரம்பைத் தாண்டாமல் பணத்தைப் பிரித்து வையுங்கள்.

அன்புடன்.