ஞாயிற்றுக்கிழமை வகுப்பு

அன்புள்ள ஐயா,

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தராக இருக்கிறேன். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு மேற்பார்வைப் பயிற்சி தொடங்கினோம். ஞாயிறு காலை, இலவசம், கட்டாயமில்லை. அறுபது பேருக்குச் சொன்னோம்; ஒன்பது பேர் வந்தார்கள். மற்றவர்கள் கேட்டது ஒன்றுதான்: 'பேர் போடுவீர்களா?' அதாவது, அதை வேலை நாளாகப் பதிந்து சம்பளம் தருவீர்களா என்று. எங்கள் ஆட்களுக்கு முன்னேறும் ஆசை ஏன் இல்லை?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக்கு, அதாவது நாட்சம்பளத்துக்கு வெளியே, கொழுந்து எடுத்தால் கிலோக் கணக்கில் காசு வரும். விறகு, துணி துவைப்பு, கடைக்குப் போவது எல்லாம் அதே நாளில்தான். 'பேர் போடுவீர்களா' என்பது பேராசை இல்லை, கணக்கு.

1964இல் விக்டர் வ்ரூம் என்ற உளவியலாளர் இதைப் பெருக்கலாகவே வைத்தார். என்னால் முடியுமா, முடித்தால் ஏதாவது கிடைக்குமா, கிடைப்பது எனக்கு வேண்டியதா. ஒன்று பூச்சியமானாலும் விடை பூச்சியம். உங்கள் தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கும் கங்காணிகளில் இதுவரை எத்தனை பேர் பெண்கள்? நீங்கள் எழுதவில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் நிற்கும் எல்லோருக்கும் அந்த எண் தெரியும்.

இளவயதில் நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் இருந்தேன். கணக்கேட்டுப் பயிற்சிக்கு விருப்பமுள்ளவர்களைக் கேட்டார்கள். எனக்கும் கணக்குக்கும் பள்ளியிலேயே பகை. பெரிய கிளாக்கர், "நீ போ, உன் ரெஜிஸ்டரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அந்தச் சொல்லுக்காகத்தான் போனேன். சான்றிதழோடு திரும்பியபோது அவர் மாற்றலாகியிருந்தார். புதியவர் என்ன படித்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. மறுவருடம் இன்னொரு வகுப்பு வந்தது. நான் கை தூக்கவில்லை. என்னையும் ஆசையில்லாத பையன் என்று யாராவது எழுதி வைத்திருக்கக்கூடும்.

இருபது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டி கோல்கிட், லெபைன், நோ மூவரும் 2000இல் எழுதிய கட்டுரை, ஆளின் குணத்தோடு நிற்காமல், மேலாளரும் சக ஊழியரும் தரும் ஆதரவையும் பயிற்சி ஆர்வத்தோடு சேர்த்தே பார்க்கிறது. என் பெரிய கிளாக்கருக்கு இதைப் படித்துக்காட்ட ஆசை.

வேலை நாளில், பேர் போட்டு வகுப்பு வையுங்கள். காசு கொடுத்தால் அது விருப்பப் பயிற்சி ஆகாதே என்று தோட்ட மேலாளரான துரை சொல்லலாம். அவர் பயிற்சிக்குப் போகும் நாளில் அவர் சம்பளம் வெட்டப்படுகிறதா என்று மெதுவாகக் கேளுங்கள்.

வராத ஐம்பத்தோரு பேரைப் பற்றியே எழுதியிருக்கிறீர்கள். கைக்காசை விட்டு வந்த ஒன்பது பேரிடம், ஏன் வந்தீர்கள் என்று கேட்டீர்களா? அவர்களில் ஒருத்தியாவது அடுத்த மாதம் கொழுந்து நிறுக்கும் தராசுக்குப் பக்கத்தில் மேற்பார்வைக்கு நிற்பாளா? நின்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.