மிஸ்ஸிங் அடிக்கிற சின்ன வண்டி: மாற்றும் முன் இடம் மாற்றிப் பாருங்கள்

ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் அடி விட்டுப்போவதுதான் மிஸ்ஸிங் (மிஸ்ஃபயர்). பெட்ரோலில் ஓடும் 3, 4 சிலிண்டர் சின்ன கார்களில் இதைப் பற்றி வந்த கேள்விகள் இவை. வீட்டில் 10 மி.மீ. பாக்ஸ் ஸ்பேனர், 16 மி.மீ. பிளக் ஸ்பேனர் (சில வண்டிகளுக்கு 21), நீள எக்ஸ்டென்ஷன், மல்டிமீட்டர், ஒரு புளூடூத் ஸ்கேனர் இருந்தால் கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை முடியும்.

சேலம்: 800 சிசி, 3 சிலிண்டர் வண்டி. சிக்னல்ல நின்னா ஸ்டீயரிங்கோட சேர்ந்து குலுங்குது. மிஸ்ஸிங்கா, என்ஜின் மவுண்ட் போச்சா?

மூன்று சிலிண்டருக்கு இயல்பாகவே ஒரு குலுக்கல் உண்டு. அதை நோய் என்று நினைத்துச் செலவு செய்ய வேண்டாம். மவுண்ட் (என்ஜினைத் தாங்கும் ரப்பர்) போனால் அதிர்வு ஒரே சீராக இருக்கும், பிக்கப் குறையாது. மிஸ்ஸிங் என்றால் தாளம் தப்பும். செய்தித்தாளில் ஒரு விரல் அகலம், ஒரு சாண் நீளத்துக்கு ஒரு துண்டு கிழித்து, சைலன்சர் வாய்க்கு இரண்டு அங்குலம் தள்ளிப் பிடியுங்கள். சரியான என்ஜினில் தாள் ஒரே சீராகப் படபடக்கும். மிஸ்ஸிங் இருந்தால் நடுநடுவே ஒரு அடி விட்டுப்போகும். தாள் திரும்பத் திரும்பக் குழாய்ப் பக்கம் இழுபட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லையோ என்று சந்தேகிக்கலாம். 3 சிலிண்டரில் ஒன்று படுத்தால் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதை மேம்பாலம் ஏறும்போதே உணர்வீர்கள்.

மதுரை: ஸ்கேனர் வாங்கினா பிரயோஜனம் உண்டா?

உண்டு. இந்தியாவில் 2013 ஏப்ரல் முதல் கார்களுக்கு ஓபிடி-2 (வண்டி தன் குறையைத் தானே பதிவு செய்யும் அமைப்பு) கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் எர்ரர் கோடு (code) காட்டும்: பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது. பி0300 என்றால் எது என்று நிலையாகச் சொல்ல முடியாத மிஸ்ஃபயர். பெல்ட் அல்லது டைமிங் செயின் இருக்கும் பக்கத்திலிருந்துதான் பெரும்பாலும் ஒன்று என்று எண்ண ஆரம்பிப்பார்கள். எர்ரர் கோடை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேமை (கோடு விழுந்த நேரத்துப் பதிவு) குறித்துக்கொள்ளுங்கள்: எந்த ஆர்பிஎம்மில், என்ன சூட்டில், எவ்வளவு லோடில் விழுந்தது என்று அதில் இருக்கும். பலர் முதல் வேலையாக அழித்துவிட்டு வந்து காரணம் கேட்கிறார்கள்.

கோடு காட்டுவது எந்த சிலிண்டர் என்பதை மட்டும்தான். எந்தப் பார்ட் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கோயம்புத்தூர்: பி0302 வருது. ஒவ்வொரு பிளக் மேலயும் தனித்தனி காயில். மூணையும் மாத்தச் சொல்றாங்க. மாத்திடட்டுமா?

வேண்டாம். பிளக்கில் பொறி வர உயர் வோல்டேஜ் தருவது காயில். அதை இடம் மாற்றிப் பார்த்தாலே விடை வந்துவிடும்.

என்ஜின் ஆறட்டும், சாவியை எடுத்துவிடுங்கள். காயில்களின் தலையில் மார்க்கரால் 1, 2, 3 என்று எழுதுங்கள். கனெக்டரின் பூட்டை அமுக்கிக் கழற்றி, 10 மி.மீ. போல்ட்டை எடுத்து, காயிலை இடமும் வலமுமாக லேசாகத் திருகி நேராக மேலே இழுங்கள். சாய்த்து இழுத்தால் ரப்பர் கிழியும். இரண்டாவது காயிலை மூன்றாவது இடத்திலும், மூன்றாவதை இரண்டாவதிலும் போட்டு, கோடை அழித்து, கால் மணி நேரம் ஓட்டுங்கள். சமதளத்தில் சும்மா ஓட்டினால் வராது. மூன்றாவது கியரில் ஒரு ஏற்றம் ஏறுங்கள்.

கோடு பி0303 ஆக நகர்ந்ததா? காயில்தான், ஒன்று வாங்கினால் போதும். பி0302-லேயே நிற்கிறதா? அடுத்து பிளக்கை இதேபோல இடம் மாற்றுங்கள். அதுவும் நகராவிட்டால் இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் பார்ட்). நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை இன்ஜெக்டர் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். மூன்றும் ஒரே மாதிரி ‘டிக் டிக்’ என்று அடிக்க வேண்டும். ஃபேன், பெல்ட் பக்கம் கையும் சட்டையும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். என்ஜினை நிறுத்தி மல்டிமீட்டர் வைத்தால் இந்த வகை இன்ஜெக்டர்கள் பெரும்பாலும் 11 முதல் 16 ஓம் வரை காட்டும். ஒன்று மட்டும் விலகி நின்றால் அதுதான்.

ஒரு தடவைக்கு ஒரு பார்ட் மட்டும். காயிலையும் பிளக்கையும் சேர்த்து நகர்த்தினால், கோடு நகர்ந்தும் எது காரணம் என்று தெரியாது.

காயிலைக் கழற்றிய கையோடு அதன் ரப்பர் உறையின் (boot) உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். தலைமுடி மாதிரி ஒரு கறுப்புக் கோடோ சாம்பல் கோடோ நீளவாக்கில் ஓடினால், கரண்ட் பிளக் முனைக்குப் போகாமல் அந்த வழியாக ஹெட்டில் (என்ஜினின் மேல்பகுதி) இறங்குகிறது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் அதே கோடு இருக்கும். அப்போது ரப்பர் உறையையும் பிளக்கையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும்.

நாகர்கோவில்: பழைய வண்டி, பிளக் ஒயர் வச்சது. ஓடும்போதே ஒயரைப் பிடுங்கிக் கரண்ட் வருதான்னு பார்க்கலாமா?

கூடாது. பல ஆயிரம் வோல்ட் உங்கள் கை வழியாக வழி தேடும். வழி கிடைக்காவிட்டால் காயிலையோ ஈசியூவையோ (என்ஜினின் கம்ப்யூட்டர்) பதம் பார்க்கும். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் (புகையைச் சுத்தம் செய்யும் பார்ட்) போய் எரிவது தனி நஷ்டம். எந்த சிலிண்டர் என்று தெரிய வேண்டுமானால், ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். நல்ல சிலிண்டர் என்றால் என்ஜின் இன்னும் தடுமாறும். கழற்றியும் மாற்றமே இல்லை என்றால் அதுதான் படுத்த சிலிண்டர்.

ஒயரைச் சோதிக்க இரவு நல்ல இருட்டில் பானெட்டைத் திறந்து, ஸ்பிரே பாட்டிலால் ஒயர்கள் மேல் தண்ணீரைப் பனி மாதிரி தூவுங்கள். லீக் ஆகும் இடத்தில் நீலப் பொறி தெரியும். ஒயரைத் தொட வேண்டாம்.

சென்னை: வாட்டர் வாஷ் விட்ட மறுநாளிலிருந்து மிஸ்ஸிங்.

பிளக் குழியில் தண்ணீர். காயிலை எடுத்து, ஸ்க்ரூடிரைவரில் துணி சுற்றி ஒற்றி எடுங்கள், ஹேர் டிரையரால் காய வையுங்கள். குழி காயாமல் பிளக்கைக் கழற்றினால் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும். குழியில் இருப்பது ஆயில் என்றால் வால்வு கவரின் பிளக் டியூப் சீல் போயிருக்கிறது.

பேஸ்மென்டில் நிறுத்துகிறவர் என்றால் இன்ஜெக்டர் ஒயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். எலிக்கு வாட்டர் வாஷ் எல்லாம் தேவையில்லை.

திருச்சி: மூணு பிளக்கையும் கழற்றினேன், ஒண்ணு மட்டும் கறுப்பு. புதுசு போடும்போது எவ்வளவு டைட் பண்ணணும்?

இளம் பழுப்பு நல்லது. உலர்ந்த கரி மாதிரி கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது பொறி பலவீனம். ஈரமாகப் பெட்ரோல் வாடை அடித்தால் பொறியே வரவில்லை. பிசுபிசுப்பான கறுப்பு என்றால் உள்ளே ஆயில் இறங்குகிறது. வெளுத்துக் கொப்புளம் இருந்தால் சூடு அதிகம். ஒன்று மட்டும் கறுப்பாக இருந்தால் குறை அந்த சிலிண்டரில். மூன்றும் கறுப்பாக இருந்தால் ஏர் ஃபில்டர், ஆக்ஸிஜன் சென்சார் போன்ற பொதுவான இடத்தில் தேடுங்கள்.

அலுமினிய ஹெட், அதனால் என்ஜின் ஆறிய பிறகே கழற்ற வேண்டும். புதிய பிளக்கை முதலில் விரலாலேயே கடைசி வரை திருகுங்கள். பாதியில் இறுகினால் மரை கோணலாக ஏறிவிட்டது, திரும்ப எடுங்கள். வாஷர் வைத்த 14 மி.மீ. மரை பிளக் உட்கார்ந்த பிறகு ஸ்பேனரில் அரை முதல் மூன்றில் இரண்டு சுற்று. பழைய பிளக்கையே திரும்பப் போட்டால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும். மரையில் கிரீஸ் தடவாதீர்கள். வழுக்கிக்கொண்டு அளவுக்கு மேல் இறுகும்.

ஈரோடு: சிஎன்ஜியில மட்டும் மிஸ்ஸிங். பெட்ரோலுக்கு மாத்தினா பிரச்சினையே இல்ல.

கேஸ் கலவையில் பொறி தாண்டுவதற்கு வோல்டேஜ் கூடுதலாக வேண்டும். தேய்ந்த பிளக்கும் சோர்ந்த காயிலும் பெட்ரோலில் சமாளித்துவிடும், கேஸில் மாட்டிக்கொள்ளும். பிளக் இடைவெளியை ஃபீலர் கேஜில் அளந்து, உங்கள் வண்டி மேனுவலோடு ஒப்பிடுங்கள். பிறகு காயில், கேஸ் ஃபில்டர். மூன்றும் சரி என்றால் வால்வு கிளியரன்ஸ் (மூடிய வால்வுக்கு மேல் விடும் சின்ன இடைவெளி) பாருங்கள். கேஸில் நாள்பட ஓடினால் வால்வு சீட் தேய்ந்து கிளியரன்ஸ் குறையும்.

தஞ்சாவூர்: ஐடிலிங்ல மட்டும் வருது, 2000 ஆர்பிஎம் தாண்டினா சரியாயிடுது.

காற்று லீக்காக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்கேனரில் ஃப்யூல் டிரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) பாருங்கள்: ஐடிலிங்கில் +10 சதவீதத்துக்கு மேல் நின்று, 2500 ஆர்பிஎம்மில் இறங்கினால் ஏறக்குறைய உறுதி. இன்டேக் ஹோஸ்களில் ஒயர், கனெக்டர் மேல் படாமல் தண்ணீர் தூவுங்கள். ஐடிலிங் மாறும் இடம்தான் விரிசல். சிலர் பெட்ரோலோ கார்ப் கிளீனரோ அடிப்பார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கிறது, அந்த விளையாட்டு வேண்டாம்.

வேலூர்: செக் என்ஜின் லைட் நிலையா எரியாம சிமிட்டுது. வீட்டுக்கு இன்னும் 40 கி.மீ. ஓட்டிட்டுப் போயிடலாமா?

ஓட்டாதீர்கள். சிமிட்டினால் கன்வெர்ட்டரைக் கெடுக்கும் அளவுக்கு மிஸ்ஃபயர் நடக்கிறது. காயில் செலவோடு முடிவதைக் கன்வெர்ட்டர் வரை இழுக்க வேண்டாம், டோ பண்ணுங்கள்.

திருநெல்வேலி: பிளக், காயில், இன்ஜெக்டர் எல்லாம் பார்த்தாச்சு, பி0303 போகல. காலையில முதல் ஸ்டார்ட்ல அதிகம். கூலன்ட்டும் குறையுது.

கூலன்ட் குறைவதை முதல் வரியிலேயே சொல்லியிருக்க வேண்டும். ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் இடையே உள்ள சீல்) மேல் சந்தேகம் வருகிறது: இரவில் கசிந்த கூலன்ட் சிலிண்டரில் நிற்கும், காலையில் அது எரிந்து தீரும் வரை மிஸ்ஸிங். மூன்றாவது பிளக் மட்டும் கழுவிவிட்டது மாதிரி சுத்தமாக இருக்கிறதா பாருங்கள்.

கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தை அளக்கும் கருவி) கிடைத்தால் இப்படிச் செய்யுங்கள். என்ஜினை ஒருமுறை சூடாக்கி நிறுத்தி, கை சுடாத அளவுக்கு ஆறவிட்டு எல்லா பிளக்கையும் எடுங்கள். ஃப்யூல் பம்ப் ஃப்யூஸ், காயில் கனெக்டர்கள், இன்ஜெக்டர் கனெக்டர்கள் எல்லாம் கழற்றியிருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்து, கேஜ் முள் 5, 6 முறை துள்ளும் வரை ஸ்டார்ட்டர் சுற்றுங்கள். 180, 175, 110 பிஎஸ்ஐ என்று வந்தால் மூன்றாவது போயிருக்கிறது. அந்த பிளக் துளையில் ஒரு டீஸ்பூன் என்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைந்திருந்தால் இடையில் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். மூன்றும் சமமாக வந்தாலும் கேஸ்கெட்டை விட்டுவிட முடியாது, சின்னக் கசிவு இந்த கேஜில் தெரியாது. ரேடியேட்டரில் பிரஷர் டெஸ்டர் போட்டு ஒரு இரவு விட்டு, காலையில் மூன்றாவது பிளக் துளைக்குள் டார்ச் அடித்து, பிஸ்டன் மேல் ஈரம் நிற்கிறதா என்று பாருங்கள்.