"தக்காளிதானே அழுகும், திரும்பிப் போ"

கேள்வி இதுதான்: வெள்ளம், நிலச்சரிவு, கொள்ளை, நாசவேலை இதிலிருந்தெல்லாம் சாலையையும் ரயிலையும் நடைமுறையில் எப்படிப் பாதுகாக்கிறார்கள், பயணம் செய்கிற நம்மால் ஆகக்கூடியது ஏதாவது உண்டா?

நான் அதிகாரியும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. சேலம் லீ பஜாரில் சரக்கு ஏற்றி ஏற்காட்டுக் கடைகளில் கொண்டுபோய் இறக்குகிற ஒரு டாடா ஏஸ் வைத்திருக்கிறேன், எங்கள் பக்கம் சின்ன யானை என்றால்தான் தெரியும். என் மாமனார் ரயில்வேயில் கேங்மேனாக, அதாவது தண்டவாளத்தைப் பராமரிக்கிற ஆளாக, இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு பக்கம் மலை ரோடு, இன்னொரு பக்கம் தண்டவாளம் என்று வீட்டில் சாப்பாட்டு நேரப் பேச்சே இந்தக் கேள்விதான், அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை. ஃபெஞ்சல் புயல் சனிக்கிழமை ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையேறி, போய்த் தொலையாமல் உள்ளே வந்து கொட்டித் தீர்த்த நேரம். ஊத்தங்கரையில் ஒரே நாளில் 503 மில்லிமீட்டர், ஏரி உடைந்தது போல வந்த தண்ணீரில் ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்கள் பொம்மை மாதிரி உருண்டு போனதை எல்லோரும் செல்போனில் பார்த்திருப்பீர்கள். நான் அன்றைக்குக் காலையில் தக்காளி, வெங்காயம், மளிகை என்று வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு ஏற்காடு அடிவாரத்தில் போய் நிற்கிறேன், செக்போஸ்ட்டில் மறித்துவிட்டார்கள். மேலே மண் சரிந்திருக்கிறது, வண்டி ஏறக் கூடாது. நான் கெஞ்சிப் பார்த்தேன். "சார், தக்காளி அழுகிடும் சார்." மழைக்கோட்டுக்குள் நடுங்கிக்கொண்டு நின்ற அந்தக் காவலர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார், "தக்காளிதானே அழுகும், திரும்பிப் போ."

அன்றைக்கு அவரை மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை. பாதி சரக்கை அஸ்தம்பட்டி ரோட்டோரத்தில் நின்று வந்த விலைக்குத் தள்ளினேன். போயிருந்தால் பாறை என் தலையில் விழுந்திருக்குமா? தெரியாது. பெரும்பாலும் போய்ச் சேர்ந்தும் இருப்பேன். பாதுகாப்பு வேலையின் பெரிய சங்கடமே இதுதான் என்று நினைக்கிறேன், சரியாக நடந்தால் ஒன்றுமே நடக்காது, ஒன்றும் நடக்காததற்கு யாரும் நன்றி சொல்வதில்லை, நஷ்டப்பட்ட தக்காளி மட்டும் கண்ணுக்குத் தெரியும்.

சரி, எப்படிப் பாதுகாக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். மலை ரோட்டைப் பொறுத்தவரை எதிரி தண்ணீர்தான். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். மழைத்தண்ணீர் மலைப்பக்கம் உள்ள ஓரக்கால்வாயில் ஓடி, அங்கங்கே ரோட்டுக்கு அடியில் இருக்கும் சின்னப் பாலம் வழியாகப் பள்ளத்துப் பக்கம் இறங்க வேண்டும். அந்தச் சின்னப் பாலத்தின் வாயில் சருகும் தண்ணீர் பாட்டிலும் சிப்ஸ் பாக்கெட்டும் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ரோட்டின் மேல் ஏறி, பள்ளத்துப் பக்க ஓரத்தை அரித்துவிடும். மேற்பக்கத்து மண்ணோ ரெண்டு மூன்று நாள் விடாத மழையில் ஊறி, உள்ளே தேங்கின தண்ணீரின் அழுத்தம் தாங்காமல் பாறையை விட்டு நழுவும். அதனால்தான் மழை உச்சத்தில் இருக்கும்போது விழாத சரிவு சில சமயம் மழை விட்டு வெயில் வந்த பிறகு விழுகிறது. வெயிலைப் பார்த்ததும் கிளம்பும் ஆட்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரிந்த பிறகு மணல் மூட்டை அடுக்குவது, ஜேசிபி வைத்து அள்ளுவது, கம்பி வலைக்குள் கல் நிரப்பிச் சுவர் எழுப்புவது எல்லாம் செய்கிறார்கள். கம்பி வலைச் சுவர் நல்ல யோசனை, தண்ணீரைத் தடுக்காமல் கல் இடுக்கு வழியாக வடிய விடும், இடுக்கே இல்லாத சிமெண்ட் சுவரில் வடிகுழாய் அடைத்துக்கொண்டால் சுவரே தள்ளிக்கொண்டு வரும். ஆனால் என்னைக் கேட்டால் இந்த ரோட்டுக்கு மிகப் பெரிய பாதுகாப்பு, ஐப்பசி பிறப்பதற்கு முன்னால் மண்வெட்டியோடு வந்து கால்வாயைத் தூர்வாருகிற சாலைப் பணியாளர்கள்தான். அதற்குத் திறப்பு விழா கிடையாது, அதனால் அது தள்ளிப்போகவும் வாய்ப்பு அதிகம்.

இன்னொரு விஷயம் மாற்றுப் பாதை. ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழியாக இரண்டாவது ரோடு ஒன்று இருக்கிறது. கோடை விழாவின்போது ஒரு வழியாக ஏற்றி இன்னொரு வழியாக இறக்குவார்கள், டூரிஸ்ட்களுக்கு அது வெறும் டிராபிக் ஏற்பாடு. முதல் ரோடு அடைபட்டால் எங்களுக்குப் பாலும் மருந்தும் வர அதுதான் வழி. ஒரே ஒரு ரோடு மட்டும் உள்ள மலை ஊர் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது மாமனார் கதை. ரயில்வேயில் மழைக்காலத்தில் ராத்திரி ரோந்து உண்டு. ஆபத்தான பகுதியில் தண்டவாளத்தை ஒட்டியே நடந்து, எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஆளைச் சந்தித்து, கையில் இருக்கும் ரோந்துப் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். நடக்காமல் எங்காவது படுத்துத் தூங்கிவிட்டு வர முடியாதபடி செய்த ஏற்பாடு அது. இப்போது கையில் ஜிபிஎஸ் கருவியும் கொடுக்கிறார்கள். பாதை அரித்திருந்தாலோ பாறை கிடந்தாலோ சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு ரயில் வரும் திசையில் ஓட வேண்டும், 600 மீட்டரில் தண்டவாளத்தின் மேல் ஒரு வெடி, 1,200 மீட்டரில் பத்து மீட்டர் இடைவெளி விட்டு மூன்று வெடி. சக்கரம் ஏறினால் டமார் டமார் என்று வெடிக்கும், டிரைவர் பிரேக் போட வேண்டும். "மாப்பிள்ளை, அந்த மழையில அந்த இருட்டுல ஒன்றேகால் கிலோமீட்டர் ஜல்லி மேல ஓடிப் பாருங்க, அப்பத் தெரியும்" என்பார். அவர் சர்வீஸில் ஒரே ஒருமுறைதான் வெடி வைத்தாராம். அதுவும் மரக்கிளை.

இந்த ரோந்தை அவர்கள் ஏன் இவ்வளவு கறாராக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு அரியலூர் ஒன்றே போதும். 1956 நவம்பர் 23 விடியற்காலை, வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்தார். அந்தப் பக்கம் பெரியவர்கள் இன்னும் பேசுவார்கள்.

அதையும் 2024 டிசம்பர் 2ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான் அடிவாரத்தில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்த அதே நாள், விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவில் இருக்கும் ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியது. ரயில்வே பாலங்களில் இந்த அளவு தூணிலேயே குறித்திருக்கும், தண்ணீர் அதைத் தொட்டால் விவாதம் கிடையாது. நிறுத்திவிட்டார்கள். தென் மாவட்டத்து ரயில்கள் நடுவழியில் நின்றன, ரத்தாகின, வழி மாறின. எங்கள் ஊரிலிருந்து விருத்தாசலம் வழியாக எழும்பூர் போகிற ரயிலுக்கும் அந்தப் பாதைதான். ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஜனங்கள் கத்தினார்கள். பாலம் விழவில்லை, தண்ணீர் இறங்கியதும் பார்த்துவிட்டு விட்டார்கள். இதைச் செய்தியாக யாரும் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள், மாமனார் மட்டும் டிவி முன்னால் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

ரோந்து இருந்தும் எல்லாம் தப்பிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். 2021 நவம்பர் 12 விடிவதற்கு முன்பு கண்ணூரிலிருந்து யஷ்வந்த்பூர் போன எக்ஸ்பிரஸ் தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது மழையில் ஊறிய சரிவிலிருந்து பாறைகள் வந்து மோதி 7 பெட்டிகள் தடம் புரண்டன. உள்ளே 2,348 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஓடுகிற ரயில் மேலேயே பாறை வந்து விழுந்தால் எந்த ரோந்துக்காரர் என்ன செய்வார்? அங்கே சரிவையே செதுக்கி, வலை போர்த்தி, தளர்ந்த பாறையை முன்கூட்டியே இறக்க வேண்டும், அது வேறு வேலை.

பக்கத்திலேயே தொப்பூர் கணவாய் ரோடு. அங்கே மழையும் வேண்டாம், பாறையும் வேண்டாம், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் ஒரு லாரி போதும். உயர்மட்டச் சாலை வேலை நடக்கிறது. அதுவரை கியரில் இறங்குங்கள் சாமி, அவ்வளவுதான்.

அப்புறம் கொள்ளை, நாசவேலை பக்கம். சேலத்துக்காரனிடம் ரயில் பாதுகாப்பு என்று கேட்டால் 2016 ஆகஸ்ட் ஞாபகம் வராமல் இருக்காது. வங்கிகளிடமிருந்து சேர்ந்த பழைய நோட்டு 342 கோடி ரூபாய், சேலம் சென்னை எழும்பூர் எக்ஸ்பிரஸில் ரிசர்வ் வங்கிக்குப் போகிறது. காவலுக்குப் போலீஸும் அதே ரயிலில். எழும்பூரில் திறந்து பார்த்தால் பெட்டியின் கூரையில் ஆள் இறங்குகிற அளவு ஓட்டை, 5 கோடியே 78 லட்சம் காணோம். எங்கே நடந்தது, எப்படி நடந்தது என்று ஊரே துப்பறிந்தது, டீக்கடைக்கு ஒரு தியரி. ரெண்டு வருடம் கழித்து மத்தியப் பிரதேசக் கும்பல் ஒன்றைச் சிபிசிஐடி பிடித்தது. சின்னசேலத்துக்கும் விருத்தாசலத்துக்கும் இடையே ரயில் நெடுநேரம் நிற்காமல் ஓடும் துண்டில், கூரை மேல் ஏறி அறுத்திருக்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பாதையில் டீசல் இன்ஜின்தான், தலைக்கு மேல் மின்கம்பி இல்லை. மின்கம்பி இருந்திருந்தால் 25,000 வோல்ட், கூரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாலே கதை முடிந்திருக்கும். இப்போது அந்தப் பாதையும் மின்மயமாகிவிட்டது, திருட்டைத் தடுக்க இல்லை, ஆனாலும் தடுத்துவிட்டது. (நவம்பரில் ஐநூறும் ஆயிரமும் செல்லாமல் போனதில் அந்தக் கும்பலுக்கும் நஷ்டமாம், விசாரணையில் சொன்னதாகச் செய்தி வந்தது. எங்கள் தெருவில் ஒரு வாரம் சிரித்தார்கள்.)

இதில் நான் புரிந்துகொண்டது, காவலுக்கு ஆள் இருந்தார்கள், கதவுக்குச் சீல் இருந்தது, எல்லோரும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருடன் பல நாள் அதே ரயிலில் போய்வந்து அந்த வண்டியை நம்மைவிட நன்றாகத் தெரிந்துவைத்திருந்தான். எந்தப் பாதுகாப்புக்கும் அவன் கண்ணால் ஒரு தடவை பார்க்கிற ஆள் வேண்டும்.

பயணிகள் பக்கம் ஆபத்தே நாம் கொண்டுபோவதுதான். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றுகொண்டிருந்த சுற்றுலாப் பெட்டியில் திருட்டுத்தனமாக ஏற்றி வந்த கேஸ் சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் செத்தார்கள். எந்தத் தீவிரவாதியும் வரவில்லை, காலையில் டீ போட்டிருக்கிறார்கள். தீபாவளிக்குப் பட்டாசுப் பையை பஸ் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு வரும் எங்கள் சொந்தக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நம்மால் என்ன ஆகும் என்றால், பார்த்ததைச் சரியான இடக்குறிப்போடு சொல்வது. மலையில் என்றால் வளைவு நம்பர், பலகையிலேயே இருக்கும். "ஏற்காடு ரோட்டில் கல் விழுந்திருக்கு" என்றால் இருபது வளைவையும் தேட வேண்டும், "14க்கும் 15க்கும் நடுவில்" என்றால் நேரே வருவார்கள். தண்டவாளம் பக்கம் என்றால் மின்கம்பத்தில் பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள், அதில் கிலோமீட்டரும் கம்பமும் சேர்ந்தே இருக்கும். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, ரயில்வே 139, ரயில்வே போலீஸ் 1512. கவனிக்க வேண்டியது: சாலையின் பள்ளத்துப் பக்கம் அரைநிலா வடிவில் புதுசாக விரிசல், தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று செம்மண் கலங்கி வருவது, நேராக நின்ற மரம் சாய்ந்து நிற்பது, பொடிக்கல் விடாமல் உதிர்வது. இதில் ஒன்று கண்டாலும் அந்த இடத்தில் வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்காதீர்கள், தாண்டிப் போய் போன் போடுங்கள்.

ஒரு குறையும் உண்டு. நிறுத்தத் தெரிந்த அளவுக்கு எப்போது திறக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. அந்த டிசம்பரில் நாலு நாள் வாட்ஸ்அப் குரல் செய்திகளை நம்பித்தான் இருந்தோம். "ரோடு திறந்தாச்சு" என்று யாரோ போட, நான் ரெண்டு தடவை குப்பனூர் வரை போய்த் திரும்பினேன், டீசல் காசு தண்டம். சரியான தகவல் வராவிட்டால் ஆட்கள் ராத்திரியில் திருட்டுத்தனமாக ஏறத்தான் செய்வார்கள், ஏறினார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தடவை, எந்த வளைவு வரை சரிசெய்தாயிற்று, நாளைக்குக் காலை எந்த வண்டிக்கு அனுமதி என்று ரெண்டு வரி அதிகாரப்பூர்வமாகப் போட்டால் போதும். அதற்குள் எங்கள் சரக்கு வண்டிக்காரர்கள் குரூப்பில் நாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டோம், ரோடு பற்றிப் போடுகிறவர் வளைவு நம்பரும் மணியும் தெரிகிற மாதிரி தானே எடுத்த போட்டோவோடு போட வேண்டும், இல்லாவிட்டால் அழித்துவிடுவோம். முதலில் அழிக்கப்பட்டது என் மச்சான் போட்டதுதான், இன்னும் பேசவில்லை.