அப்பாவோடு ஓட்டுக் கேட்கப் போகும் ஏழு வயதுப் பையன்: இது திணிப்பா?

ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் கணவர் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனுக்குக் கட்சித் துண்டைப் போட்டுவிட்டு, வீடு வீடாக ஓட்டுக் கேட்கக் கூட்டிப் போகிறார். அவன் கோஷம் போடுவதை வீடியோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கிறார். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையனிடம், 'நீங்க அந்தக் கட்சி, உன்கூட விளையாட மாட்டேன்' என்று சொல்லிவிட்டான். இது மூளைச்சலவை இல்லையா என்றால், 'எங்க அப்பாவும் என்னை இப்படித்தான் கூட்டிப் போனார், நான் கெட்டா போனேன்?' என்கிறார்."

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. நானும் கட்சிக் குடும்பத்தில் வளர்ந்தவள்தான். தேர்தல் வந்தால் எங்கள் வாசலில் மைதாவில் மயில்துத்தம் போட்டுப் பெரியவர்கள் சுவரொட்டிப் பசை காய்ச்சுவார்கள். சணல் கயிற்றில் காகிதக் கொடிகளை ஒட்டித் தோரணம் செய்வது பிள்ளைகள் வேலை. ரேஷன் அரிசி, குடிதண்ணீர், விலைவாசி என்று அவர்கள் விடிய விடியப் பேசுவதைக் கேட்டுக்கொண்டே ஒட்டுவோம். ஊர்ப் பிரச்சினையைப் பற்றிப் பேசலாம், அதற்காக நாலு பேரிடம் போய் நிற்கலாம் என்பதை நான் அங்கேதான் பழகினேன். சாமி கும்பிடுவதையும் தாய்மொழியையும் பிள்ளைக்குக் கொடுக்கிற மாதிரி, அரசியல் ஈடுபாட்டையும் பெற்றோர் கொடுக்கத்தான் செய்வார்கள். அது மட்டுமே திணிப்பு ஆகிவிடாது.

அப்படியானால் எது திணிப்பு? மாற்றிப் பேசினால் அப்பாவின் அன்பு குறைந்துவிடும் என்று பிள்ளைக்குத் தோன்றும் இடத்தில்தான் அது தொடங்குகிறது.

ஏழு வயதில் ஒரு குழந்தைக்குக் கட்சி என்றால் கொள்கை இல்லை, அப்பாதான். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு சிறுமி, எந்தப் படம் வரையச் சொன்னாலும் ஓரத்தில் ஒரு கட்சிச் சின்னத்தைப் போட்டுவிடுவாள். வீடு வரைந்தால் கூரையில், மரம் வரைந்தால் கிளையில். "இது ஏன் பாப்பா இங்க?" என்று கேட்டேன். "போட்டா அப்பா சிரிப்பாரு" என்றாள். அவ்வளவுதான் அவளுடைய அரசியல். காரணங்களை எடைபோட்டு, எதிர்க் கருத்தையும் மனதில் வைத்து யோசிக்கும் திறன் பொதுவாக பதினொன்று, பன்னிரண்டு வயதுக்குப் பிறகுதான் வலுப்படுகிறது. அதற்கு முன் அவர்களுக்குப் புரிவது நல்லவர், கெட்டவர் என்ற இரண்டு பெட்டிதான். பக்கத்து வீட்டுப் பையன் இரண்டாவது பெட்டிக்குள் போனது அப்படித்தான். உங்கள் கடிதத்தில் என்னை உண்மையில் கவலைப்படுத்தியது அந்த வரி. துண்டோ கோஷமோ அவ்வளவு கவலைப்படுத்தவில்லை.

ஐ.நா.வின் 1989ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. அதன் 14ஆவது பிரிவு குழந்தைக்குச் சிந்தனை உரிமை, மனச்சாட்சி உரிமை உண்டு என்கிறது. வளர்ந்துவரும் திறனுக்கு ஏற்ப வழிகாட்டும் உரிமையும் கடமையும் பெற்றோருக்கு உண்டு என்றும் சொல்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் விஷயம்.

இனி, உங்கள் கணவர் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. பிரச்சாரத்தில் குழந்தைகளை ஈடுபடுத்தக் கூடாது என்று தேர்தல் ஆணையம் 2024 பிப்ரவரி 5 அன்று கட்சிகளுக்குக் கண்டிப்பான அறிவுறுத்தல் அனுப்பியது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட்டுக் கேட்பது, பிரச்சார வண்டியில் ஏற்றுவது, பாட்டோ கவிதையோ பேச்சோ சொல்ல வைப்பது, கட்சிச் சின்னம் அணிவித்துக் காட்டுவது, எதிர்க்கட்சியைத் திட்ட வைப்பது எல்லாமே அதில் அடக்கம். குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டத்தையும் ஆணையம் அதில் நினைவூட்டியிருக்கிறது. ஆனால், பெற்றோருடன் வந்த பிள்ளை ஒரு தலைவருக்கு அருகில் சும்மா இருப்பதையே மீறலாகக் கொள்ளவில்லை. ஆக, கூட வருவது வேறு, கோஷம் போட வைப்பது வேறு. அந்த வீடியோவை இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள். நாளை பள்ளியில் கேலிக்கு ஆளாகப்போவது அவன்தான்.

பெருங்கூட்டத்துக்கு மட்டும் எந்தச் சமாதானமும் வேண்டாம், பிள்ளையை அனுப்பாதீர்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூர் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். குழந்தைகளும் அதில் இருந்தார்கள். பெரியவர்களின் தோள் உயரம்கூட இல்லாத பிள்ளைக்கு அங்கே மூச்சுவிடக் காற்றே கிடைக்காது.

சரி, கணவரிடம் எப்படிப் பேசுவது? 'மூளைச்சலவை' என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். அது அவருடைய அப்பாவையும் சேர்த்துக் குற்றம் சொல்வதாகத்தான் அவர் காதில் விழும். "உங்க கட்சி வேலையை அவன் பார்க்கட்டும், ஆனா அவன் வாயால உங்க கட்சி பேச வேண்டாம்" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம், பிள்ளைக்கு எதிரிலேயே அவர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லட்டும்: "எதிர்க்கட்சிக்காரர் நம்ம ஊருக்குச் செய்த நல்லது ஒண்ணு சொல்லுங்க." முதலில் தடுமாறுவார். ஆனால் ஒரு ரோடோ, ஒரு தண்ணீர்த் தொட்டியோ சொல்லிவிட்டால், மகனின் மனதில் அந்த இரண்டு பெட்டிகளுக்கு நடுவே இருக்கும் சுவர் கொஞ்சம் கரையும். அவன் "ஏன் நாம இந்தக் கட்சி?" என்று கேட்டால், "நம்ம குடும்பமே அதுதான்" என்று முடிக்காமல் ஒரு காரணம் சொல்ல வேண்டும். "எனக்கு அந்தச் சின்னம்தான் பிடிக்கும்" என்று அவன் மாற்றிச் சொன்னாலும் வீடு சிரிக்க வேண்டும், முகம் சுளிக்கக் கூடாது.

ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் உங்கள் ஊராட்சியில் கிராம சபை கூடும். அப்பாவும் மகனும் அங்கே போகலாம். துண்டு வேண்டாம். எரியாத தெருவிளக்கைப் பற்றி அப்பா எழுந்து கேட்பதையும், வேறு கட்சிக்காரர் "அதுதான் சரி" என்று சேர்ந்து பேசுவதையும் பையன் பார்க்கட்டும்.

பக்கத்து வீட்டு விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மகனை மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம். அவன் பேசியது பெரியவர்களிடம் கேட்டதைத்தான். உங்கள் கணவரே இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போய், "தம்பி, வா, கிரிக்கெட் ஆடலாம்" என்று அந்தப் பையனைக் கூப்பிடட்டும். மகனும் கூடவே போகட்டும்.