வாங்க வருபவரிடம் எதை முதலில் சொல்வது?

கேள்வி: ஒட்டுசுட்டான் பகுதியிலுள்ள பெண்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் செயலாளராக இருக்கிறேன். கச்சான் வறுத்துப் பொதி செய்தும் குரக்கன் மா அரைத்தும் விற்கிறோம். கொழும்பிலுள்ள சுப்பர்மார்க்கட் நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவினர் மூவர் அடுத்த மாதம் எங்கள் நிலையத்துக்கு வருகிறார்கள். அரை மணித்தியாலம் தந்திருக்கிறார்கள். சென்ற வருடம் வேறொரு நிறுவனத்தினர் வந்தபோது வரவேற்பும் அளிக்கையும் சிறப்பாக நடந்தன, மனதாரப் பாராட்டினார்கள், அதன் பின் பதிலே இல்லை. இம்முறை ஆங்கிலத்தில் பேச வேண்டுமா? எத்தனை ஸ்லைட் வைக்கலாம்? தலைவி என்னைவிட மிகவும் மூத்தவர். அவரை மீறிப் பேசுவதாகத் தோன்றாமல் கணக்கு விடயங்களை நான் எப்படிச் சொல்வது?

பதில்: மொழி, ஸ்லைட், தலைவி ஆகிய மூன்றையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் உண்டு. ஆனால் சென்ற வருடம் வந்தவர்கள் திரும்பி வராததற்கு இவற்றில் எதுவும் காரணமாக இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அவர்கள் பாராட்டியது உங்கள் முயற்சியை. வாங்குவதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்ட தகவல் அந்தப் பாராட்டு நிறைந்த கூட்டத்தில் கிடைத்திருக்காது.

2009க்குப் பிந்திய மீள்குடியேற்றக் காலத்தில் வன்னியின் சங்கங்கள் பெரும்பாலும் வாழ்வாதார உதவித் திட்டங்களின் வழியாகவே வெளியாருக்கு முன்னால் பேசப் பழகின. உதவி நிறுவனக்காரர் வருவார்கள், விளக்கேற்றி, வரவேற்புரை சொல்லி, கிராமத்தின் இழப்புகளையும் பயனாளிக் குடும்பங்களின் தொகையையும், அவற்றுள் பெண் தலைமைக் குடும்பங்கள் எத்தனை என்பதையும், இன்னும் எவையெவை தேவை என்பதையும் எடுத்துச் சொல்லி, நன்றியுரையோடு முடிப்போம். அந்தச் சபைக்கு அது சரியான முறைதான். ஏனெனில் உதவி தருபவர் தன் மேலிடத்துக்கு எழுத வேண்டியது ‘இங்கே தேவை இருக்கிறது’ என்ற அறிக்கையை. கொள்முதல் அலுவலர் தன் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டியதோ ‘குறித்த நாளில், குறித்த நிறையில், ஒரே தரத்தில் பொருள் வந்து சேரும்’ என்பதை. எங்களிடம் வாகனம் இல்லை, வறுக்கும் இயந்திரம் பழையது, களஞ்சியம் ஒழுகுகிறது என்று நாம் அடுக்கும்போது முன்னவருக்கு அது நிதி வழங்குவதற்கான நியாயமாகக் கேட்கும். பின்னவருக்கு அது சரக்கு வராமல் போகக்கூடும் என்ற எச்சரிக்கையாகக் கேட்கும். பட்ட துயரத்தை மறைக்கச் சொல்லவில்லை. கேட்டால் சொல்லுங்கள், நிமிர்ந்து சொல்லுங்கள். விலையைக் கூட்டித் தரச் சொல்வதற்கான காரணமாக மட்டும் அதை வைக்காதீர்கள்.

வணிகக் கூட்டத்துக்கு முன்மாதிரி தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. முத்தையன்கட்டுக்குளத்தின் கீழ் சிறுபோகம் செய்வதற்காகக் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, அதைக் கொண்டு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் திகதியில் வாய்க்காலில் நீர் திறக்கப்படும் என்பவைதான் அங்கே பேச்சு. கமக்காரர் வாதாடுவார்கள், சில வேளை சத்தமும் போடுவார்கள். ஆனாலும் எழுந்து போகும்போது எல்லோரிடமும் ஒரே எண்ணும் ஒரே திகதியும் இருக்கும். உங்கள் அரை மணித்தியாலமும் அப்படி முடிய வேண்டும்.

ஆகவே முதல் நிமிடத்திலேயே நீங்கள் தருவதையும் கேட்பதையும் சொல்லிவிடுங்கள். உதாரணமாக, ‘வறுத்த கச்சானை 100 கிராம் பொதிகளாக மாதம் 400 கிலோ எங்களால் தர முடியும், கொழும்பிலுள்ள உங்கள் களஞ்சியத்தில் இறக்கித் தரும் விலை கிலோவுக்கு இவ்வளவு, மூன்று மாதத்துக்கு ஒரு சோதனை ஓடர் கேட்கிறோம்’ என்று தொடங்கலாம். இதில் ‘இறக்கித் தரும் விலை’ என்பது முக்கியம். ஒட்டுசுட்டானில் ஏற்றும் விலையைச் சொல்லிவிட்டு, மாங்குளம் சந்திக்கு வந்து ஏ-9 வீதியில் ஏறிக் கொழும்பு வரை போகும் லொறிச் செலவை யார் ஏற்பது என்று பின்னர் பேசத் தொடங்கினால், அதுவரை பேசிய விலை முழுவதும் சந்தேகத்துக்குள்ளாகிவிடும்.

அந்த 400 கிலோவுக்குப் பின்னாலுள்ள கணக்கையும் நீங்கள் கையில் வைத்திருக்க வேண்டும், ஏனெனில் அனுபவமுள்ள கொள்முதல் அலுவலர் அங்கேதான் கை வைப்பார். மாதம் 400 கிலோ என்றால் வருடத்துக்கு 4,800 கிலோ. வறுக்கும்போது குறையும் நிறையையும் கழிவையும் சேர்த்தால் பருப்பாக 5,000 கிலோவுக்குச் சற்று மேல் வேண்டும். கோது உடைத்தால் மொத்த நிறையில் ஏறத்தாழ 65 முதல் 70 வீதம் வரைதான் பருப்புத் தேறும் என்பதால், நீங்கள் வாங்க வேண்டிய கோதுக் கச்சான் சுமார் 7,500 கிலோ. காலபோக மழையோடு விதைப்பது தை, மாசியில்தான் பிடுங்கப்படுகிறது. சுப்பர்மார்க்கட்டுக்கோ பன்னிரண்டு மாதமும் பொருள் வேண்டும். அப்படியானால் அறுவடைக் காலத்தில் அங்கத்தவர்களுக்குக் கொடுக்கும் காசு எங்கிருந்து வரும், மூட்டைகள் எங்கே அடுக்கப்படும், ஆவணியில் எலியும் பூஞ்சணமும் இல்லாமல் எவ்வளவு மிஞ்சும்? இவற்றுக்குப் பதில் இல்லாவிட்டால் 400 என்று சொல்லாதீர்கள். 150 என்று சொல்லுங்கள். சிறிய எண்ணைச் சொல்லி அதைத் தவறாமல் நிறைவேற்றும் சங்கத்தைத்தான் வாங்குபவர் அடுத்த வருடமும் தேடி வருவார்.

பூஞ்சணம் என்றதும் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். கச்சான் வாங்க வருபவர் வாயைத் திறந்து கேட்காவிட்டாலும் அவர் மனதில் அபலடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு இருக்கும். சரியாகக் காயாத பருப்பில் வளரும் ஒருவகைப் பூஞ்சணம் உண்டாக்கும் இந்த நஞ்சு, வறுத்தாலும் முழுமையாக நீங்குவதில்லை. பருப்பின் ஈரப்பதனை 7 அல்லது 8 வீதத்துக்குள் கொண்டுவந்து சேமிப்பதுதான் வழி. ‘எங்கள் கச்சான் சுத்தமானது, நாங்களே சாப்பிடுவது’ என்ற உறுதிமொழியைவிட, கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவனம் போன்ற ஓர் ஆய்வுகூடத்திலிருந்து தொகுதி இலக்கத்தோடு பெற்ற ஒரு பக்க அறிக்கை பெரும் பலம் தரும். அடுத்த மாதத்துக்குள் அறிக்கை கிடைக்காவிட்டால், மாதிரியை அனுப்பியதற்கான பற்றுச்சீட்டையாவது காட்டுங்கள். பொதியில் தேறிய நிறை, சேர்மானங்கள், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், முகவரி ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இலங்கையில் பதிவான, 479 என்று தொடங்கும் பார்கோட் இலக்கமும் தேவைப்படும். இவற்றில் இன்னும் இல்லாததை இல்லையென்றும், எந்த மாதத்துக்குள் வரும் என்றும் சொல்லுங்கள்.

மொழிக்கு வருவோம். பொருளை அறிந்தவர் தனக்குச் சரளமான மொழியில் பேசுவதே நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. மனப்பாடம் செய்த ஆங்கிலம் முதற்கேள்வியிலேயே நின்றுவிடும். நின்றதும், கணக்கும் தெரியாது போலும் என்று கேட்பவர் எண்ணிவிடுவார். தமிழில் பேசுங்கள், கையில் கொடுக்கும் தாளை ஆங்கிலத்தில் கொடுங்கள், சிங்களத்திலும் இருந்தால் மிக நல்லது. மொழிபெயர்ப்பாளரை நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டும். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்கும் பிள்ளை ஒருவரோ, மும்மொழியும் தெரிந்த ஆசிரியர் ஒருவரோ போதும். கூட்டத்துக்கு முதல் நாளே அந்தத் தாளையும் கச்சான் தொழிலின் சொற்களையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். வந்தவர்களின் சாரதியை அழைத்து மொழிபெயர்க்கச் செய்வது பல இடங்களில் நடக்கிறது. அவர் நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் அவருடைய சம்பளம் மறுபக்கத்திலிருந்து வருகிறது. மொழிபெயர்ப்புக்கு நேரம் இரட்டிப்பாகும் என்பதையும் மறக்க வேண்டாம்: உங்கள் முப்பது நிமிடம் உண்மையில் பதினைந்துதான். பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பாராமல் விருந்தினரைப் பாருங்கள்.

ஸ்லைட் ஐந்தோ ஆறோ போதும். அவையும் இல்லாமல் நடத்த முடியுமா என்று முதலில் யோசியுங்கள். அரைச்சுவர் மண்டபங்களில் பகல் வெளிச்சத்தில் புரொஜெக்டர் படம் மங்கித் தெரியும், மின்சாரத்தையும் நம்ப முடியாது. வைப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள்: பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த ஸ்லைட், அந்த எழுத்துரு இல்லாத மடிக்கணினியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக மாறிவிடும். யுனிகோட்டில் எழுதி, பி.டி.எப். ஆகச் சேமித்து, அச்சிட்ட மூன்று பிரதிகளும் வைத்திருங்கள். விளக்கேற்றுவதையும் பொன்னாடை போர்ப்பதையும் இந்த ஒரு தடவை விட்டுவிடலாம். உபசரிப்பு வேண்டாம் என்பதல்ல. வந்ததும் வறுக்கும் இடத்துக்கே கூட்டிச் சென்று, சூடான கச்சானைக் கையில் கொடுத்து, தேநீரோடு வேலையைக் காட்டினால் அதைவிட நல்ல வரவேற்பு இல்லை. அவர்கள் பார்க்க விரும்புவதும் அதைத்தான்.

தலைவி பற்றிய உங்கள் தயக்கத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. சில பயிற்சிப் பட்டறைகளில், வணிகம் என்று வந்தால் வயது பார்க்கக் கூடாது, திறமையுள்ளவரே பேச வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். ஓர் ஊரில் சேர்ந்து வாழ்ந்து, நாளைக்கும் ஒரே சங்கத்தில் இருக்க வேண்டியவர்களுக்கு அந்தப் புத்தி உதவாது. மேலும், வாங்க வருபவரும் மூத்தவரின் சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பவர்தான். சங்கம் உடையாமல் நிற்கும் என்பதற்கு அவரே அத்தாட்சி. எனவே பேச்சைப் பகிர்ந்துகொள்ளுங்கள். சங்கம் எந்த வருடம் தொடங்கியது, அங்கத்தவர் எத்தனை பேர், பொருளுக்கு யார் பொறுப்பு என்பவற்றைத் தலைவி இரண்டு நிமிடம் சொல்லட்டும். முடிக்கும்போது ‘கணக்கு விபரங்களை எங்கள் செயலாளர் சொல்லுவா’ என்று அவர் வாயாலேயே சொல்லட்டும். அந்த ஒரு வாக்கியத்தோடு, நீங்கள் பேசுவது மீறலாக இல்லாமல் அவர் ஒப்படைத்த பணியாகிவிடும். இறுதியில் வாக்குக் கொடுப்பதும் அவராகவே இருக்கட்டும். வழக்கமாக அவரை அக்கா என்று அழைப்பீர்களானால் விருந்தினர் முன்னும் அப்படியே அழைக்கலாம். அதில் குறைவு ஒன்றுமில்லை.

இதற்கு முன்கூட்டிய நிருவாகக் குழுக் கூட்டம் ஒன்று அவசியம். எந்த விலைக்குக் கீழே இறங்குவதில்லை, மாதத்துக்கு எந்த அளவுக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை, விற்ற பொருளுக்கு எத்தனை நாள் கடன் தாங்கலாம் என்ற மூன்றையும் தீர்மானித்துக் கூட்டறிக்கையில் எழுதுங்கள். சுப்பர்மார்க்கட்டுகள் பொதுவாகக் கையில் காசு கொடுத்து வாங்குவதில்லை. வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் காத்திருக்க நேரும், விற்காத பொதிகளைத் திருப்பி அனுப்பும் நிபந்தனையும் இருக்கலாம். முடிவு எழுத்தில் இருந்தால், விலையைக் குறைக்கச் சொல்லி நெருக்கும்போது மறுப்பை உங்கள் தனிப்பட்ட முடிவாக யாரும் பார்க்க மாட்டார்கள். ‘குழுவின் தீர்மானம் இது, இதற்குக் கீழே போவதானால் குழுவைக் கூட்டித்தான் பதில் சொல்ல முடியும்’ என்பது மரியாதையான, உறுதியான மறுமொழி. விருந்தினரிடம் முடியாது என்று சொல்லக் கூச்சப்பட்டுத் தலையாட்டிவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். அவர் அதைச் சம்மதமாகக் குறித்துக்கொண்டு போய்விடுவார். ‘600 கிலோ இந்த வருடம் முடியாது, 400 கிலோ நிச்சயம், அடுத்த காலபோகத்துக்குப் பின் மீண்டும் பேசலாம்’ என்று முடியாததையும் முடிந்ததையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் யாருடைய மனமும் நோகாது. அங்கத்தவர்கள் இடையில் எழுந்து வேறு விலை சொல்லாதிருக்கவும் அந்தக் கூட்டத்திலேயே பேசி வையுங்கள்.

அவர்கள் புறப்பட்ட அன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வட்ஸ்அப்பில் நன்றியும் படமும் அனுப்பலாம், ஆனால் அலுவலகத்தில் கோப்புக்குப் போவது மின்னஞ்சல்தான். திணைக்களங்களுக்கு எழுதும் விண்ணப்பத்தின் நடையில், தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுவதாக எழுத வேண்டாம். தலைப்பில் பொருளும் அளவும் இருக்கட்டும். உள்ளே பேசிய விலை, மாத அளவு, முதல் சரக்கு அனுப்பக்கூடிய திகதி, அவர்கள் கேட்டு நீங்கள் இன்னும் கொடுக்காத ஆவணங்கள், அவை வரும் நாள் ஆகியவை பத்து வரிகளுக்குள் அடங்கட்டும். ஆய்வுகூட அறிக்கையை இணையுங்கள். ஒரு வாரத்துக்குள் பதில் வராவிட்டால் தலைவியின் பெயரைச் சொல்லி நீங்களே தொலைபேசியில் அழைத்து, சோதனை ஓடருக்கு அவர்கள் பக்கத்தில் இன்னும் எந்த ஆவணம் தேவை என்று கேளுங்கள்.